நாற்பது சேருக்கு மேலே ஒரு சிக்னல்

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் ஸ்ரீ பேச்சியம்மன் வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. அண்டா கிடைக்கும், குண்டா கிடைக்கும், ஜமுக்காளம், பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், சாம்பார் வாளி, அறுநூற்றுப் பன்னிரண்டு பிளாஸ்டிக் சேர், எல்லாம் கிடைக்கும். அந்தக் கடையில் இல்லாத ஒரே சரக்கு புத்தி. அதை வாடகைக்குக் கேட்டு இன்றுவரை ஒருத்தரும் வராததால், அது இல்லை என்கிற விஷயம் கடைக்காரர்களுக்கே தெரியாது.

முதலாளி பேர் வெயிலுமுத்து. நல்ல மனுஷன். எதையும் நன்றாக யோசித்துத்தான் செய்வார், அதுதான் தொந்தரவே. அவரிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். குத்தாலம் சேர் அடுக்குகிறவன். நாலு பேர் சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டால் அவனுக்குக் கை பரபரவென்று வரும், உடனே சேர் எடுத்துப் போட்டாக வேண்டும். தவசி பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவன். கடைக்குள் எந்தப் பொருள் வந்தாலும் அரை மணி நேரத்துக்குள் அதன் முதுகில் கடைப் பேர், ஊர், போன் நம்பர் மூன்றையும் மெஷின் வைத்து வெட்டிவிடுவான். ஒரு தடவை ஆடிட்டர் மறந்து வைத்துவிட்டுப் போன டிபன் பாக்ஸிலும் வெட்டிவிட்டான். அவர் இன்னமும் அதை வாடகைக்கு வாங்கித்தான் சாப்பிடுகிறார். மூன்றாவது ஆள் உச்சிமாகாளி, லோடு ஆட்டோ டிரைவர். வண்டி ஓடும்போது பேசமாட்டான், நின்றால் நிறுத்தமாட்டான்.

இந்தக் கடைக்கு உயிர் எது என்று கேட்டால் வெயிலுமுத்து அண்டாவைக் காட்டமாட்டார், சேரைத் திருப்பிக் காட்டுவார். ஒவ்வொரு சேரின் முதுகிலும் சிவப்புப் பெயின்ட்டில் கடைப் பேரும் போன் நம்பரும் இருக்கும். பதினைந்து வருஷமாக ஒரே நம்பர். கல்யாணக் கூட்டத்தில் சேர் காணாமல் போவது சகஜம்தான். ஆனால் பத்து நாள் கழித்து யாராவது கூப்பிட்டு, "உங்க சேர் ஒண்ணு எங்க ஊர் சுடுகாட்டுல கெடக்கு, வந்து எடுத்துக்கிடுங்க" என்பார்கள். உச்சிமாகாளி போய்க் கூட்டி வருவான். தகவல் சொன்னவர்களுக்கு ஒரு பை எலுமிச்சம்பழம் மரியாதை. இப்படிப் பதினைந்து வருஷமாகத் தொலைந்த சேரெல்லாம் வீடு திரும்பிக்கொண்டிருந்தன. வெயிலுமுத்துவுக்கு அதில் ஒரு தகப்பனுடைய சந்தோஷம்.

இந்த நிலையில்தான் கலகல மொபைல் என்ற கம்பெனியிலிருந்து டை கட்டிய ஆள் ஒருத்தர் வந்து சேர்ந்தார்.

"அண்ணாச்சி, பிசினஸ் பிளான். அஞ்சு போன் இலவசம். உங்க பழைய நம்பரை அப்படியே எங்க கம்பெனிக்கு மாத்தித் தந்துருவோம். நீங்க மூணு வருஷம் எங்ககூட இருந்தாப் போதும்."

வெயிலுமுத்து யோசித்தார். "மூணு வருஷம் உங்ககூடன்னா, எங்க வந்து தங்கணும்? எனக்கு வீடு, கடை எல்லாம் இங்க இருக்கே."

"நீங்க இங்கயே இருக்கலாம் அண்ணாச்சி. கையெழுத்து மட்டும் அங்க இருக்கும்."

அது வசதியாகத்தான் பட்டது. டை கட்டியவர் பதினாலு பக்க ஒப்பந்தத்தை நீட்டினார். எழுத்தெல்லாம் கசகசா அளவுக்கு இருந்தது. யார் கையெழுத்துப் போடுவது என்று கடைக்குள் ஒரு ஆலோசனை நடந்தது.

"நம்ம கடையில சாமான் வெளிய போனா, வாங்கிட்டுப் போறவன்தான் கையெழுத்துப் போடணும்" என்றான் தவசி.

"இப்ப யாரு வாங்குறது?"

"நாமதான்."

"அப்ப நாமதான் போடணும். இதுல படிக்க என்ன இருக்கு? நம்ம சீட்டை எவனாவது படிச்சுப் பார்த்திருக்கானா? நாம படிச்சா அந்த மனுஷனை நம்பாத மாதிரி ஆயிரும்லா" என்று வெயிலுமுத்து பதினாலு பக்கத்திலும் போட்டார். கடைசிப் பக்கத்தில் இடம் நிறைய இருந்ததால் இரண்டு தடவை போட்டார். டை கட்டியவர் தன் வாழ்க்கையில் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. ஒரு காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் தவசி மெஷினை எடுத்துவிட்டான். ஐந்து போனின் தகர முதுகிலும் 'ஸ்ரீ பேச்சியம்மன் வா.பா. கடை, புளியங்குடி', கீழே நம்பர், அதற்குக் கீழே ஒன்று முதல் ஐந்து வரை வரிசை எண். நாலு போனை நாலு பேர் எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவதுக்கு ஆள் இல்லை. அதை உபரி என்று பிரியாணி அண்டாவுக்குள் போட்டு மூடிவைத்தார்கள்.

போன் எல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை. ஒரு நாள் ஆச்சு, மூன்று நாள் ஆச்சு, ஒரு வாரம் ஆச்சு. "ஊர்ல கல்யாணம் பண்ணுறதையே விட்டுட்டாங்களா?" என்று வெயிலுமுத்து கவலைப்பட்டார். கடைக்குள் சிக்னலே வராது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தது இப்படித்தான். எட்டாம் நாள், முதலாளியின் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குத்தாலம் முற்றத்தில் சேர் அடுக்கிக்கொண்டிருந்தான். ஏணி போட்டு நாற்பதாவது சேரை மேலே வைத்தபோது பையில் மணி அடித்தது. கீழே இறங்கினான், நின்றுபோச்சு. ஏறினான், அடித்தது.

"அண்ணாச்சி! இந்த போன் நாப்பது சேருக்கு மேலதான் பேசும் போலிருக்கு!"

"ஒசத்தியான போன்ல" என்றார் வெயிலுமுத்து பெருமையாக.

அன்று முதல் குத்தாலத்துக்கு நாற்பதாவது சேர்தான் ஆபீஸ். காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்குவான். சாப்பாடு வாளியில் கட்டி மேலே போகும். கல்யாண வீட்டார் கூப்பிட்டால் அங்கிருந்தே கத்துவான், "அண்ணாச்சி, சிந்தாமணியில இருந்து! நானூறு சேர் வேணுமாம்!" உடனே சேர் கிளம்பும், அடுக்கும் அதோடு கிளம்பும், குத்தாலம் தரைக்கு வந்துவிடுவான், மணி நின்றுவிடும். ஒரு கல்யாணம் கிடைத்தால் அடுத்த கல்யாணம் போச்சு. கடைசியில், என்ன ஆனாலும் நாற்பது சேரை வாடகைக்கு விடுவதில்லை, அது சிக்னலுக்கு என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகும் ஒரு கணக்கு உதைத்தது. வைகாசி பிறந்து பதினைந்து நாளில் முப்பத்தொரு சேர் திரும்பி வரவில்லை. கூப்பிட்டுச் சொல்ல நினைத்தவர்கள், குத்தாலம் சாப்பிட இறங்கிய நேரத்தில் கூப்பிட்டிருப்பார்கள். வெயிலுமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. "எந்த ஊர்ல, எந்த மழையில கெடக்கோ" என்று அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார்.

நம்பரைப் பழையபடி வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால் கலகல மொபைல் விடவில்லை. பதினொன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறதாம்: சிக்னலுக்குக் கம்பெனி பொறுப்பல்ல, மூன்று வருஷத்துக்குள் விலகினால் நம்பர் கம்பெனிக்கே சொந்தம். வெயிலுமுத்து ஆடிப்போனார். நம்பர் போனால், அறுநூற்றுப் பன்னிரண்டு சேரும் முதுகில் யாரோ ஒருத்தர் நம்பரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக நிற்குமே! தொலைந்தது தொலைந்ததுதான்.

ஓடினார் வக்கீல் குமாஸ்தா கோமதிநாயகத்திடம். அவர் பதினாலு பக்கத்தையும் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"வே, இது பச்சை அநியாயம். ஆனா நியாயமாப் போராடுனா விடுவான். நல்லாக் கேட்டுக்கிடும். அவங்க பேசுறதை எல்லாம் தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டுல எழுதும். எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் எடும். அப்புறம் ஆதாரம் அத்தனையும் தூக்கிக்கிட்டு தென்காசி ஆபீசுக்குப் போயி மானேஜரைப் பாரும். கோபப்படாதீரும், சிரிச்ச முகமா இரும். கேஸ் முடியுற வரைக்கும் அவங்க நீட்டுற எதுலயும் எனக்குக் காட்டாம கையெழுத்து மட்டும் போட்டுராதீரும். புரியுதா?"

"புரியுது" என்றார் வெயிலுமுத்து. இந்த ஒரு வார்த்தையைத்தான் கோமதிநாயகம் நம்பியிருக்கக் கூடாது.

முதலில் நோட்டு. குத்தாலம் மேலே ஏறி கம்பெனியின் புகார் நம்பருக்குப் போன் போட்டான். கேட்பதையெல்லாம் அவன் கத்த, தவசி கீழே உட்கார்ந்து எழுதினான்.

"பத்து மணி அஞ்சு நிமிஷம். புல்லாங்குழல் வாசிக்காங்க."

"எழுதிட்டேன்."

"பத்து ஒன்பது. இன்னும் வாசிக்காங்க. பத்து பத்து, காக்கா ஒண்ணு பக்கத்துல வந்து உக்காந்துட்டு."

"காக்கா கம்பெனியோடதா, நம்மளதா?"

"தெரியலியே."

"'விசாரணையில்' அப்படின்னு போட்டுக்கிடுதேன்."

"பத்து பதினாலு. ஒரு பொம்பளை பேசுது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்' அப்படிங்குது. மறுபடியும் புல்லாங்குழல்."

வெயிலுமுத்து இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "முக்கியம்னுதாம்ல எடுக்க மாட்டேங்காங்க. நம்ம வெள்ளிப் பன்னீர்ச் செம்பை நாம சட்டுனு எடுத்து வெளிய வைக்கமா? பத்திரமா உள்ள வச்சிருக்கோம்லா. அந்த மாதிரி நம்ம அழைப்பைப் பத்திரமா வச்சிருக்காங்க."

மூன்று நாளில் நோட்டு நிறைந்துவிட்டது. அதில் பெரும்பகுதி புல்லாங்குழல்.

அடுத்து ஜெராக்ஸ். ஒப்பந்தம் பதினாலு பக்கமும் எடுத்தாயிற்று. எல்லாத்துக்கும் எடு என்றாரே, அதனால் ஐந்து போனையும் கண்ணாடியில் கவிழ்த்துப் போட்டு, முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் எடுத்தார்கள். கடைக்காரர் பேசாமல் எடுத்துக் கொடுத்தார், அவருக்கென்ன. அப்போதுதான் தவசி கேட்டான், "தொலைஞ்ச முப்பத்தொரு சேருக்கு?"

இல்லாத சேரை எப்படி ஜெராக்ஸ் எடுப்பது? வெகுநேரம் யோசித்து வெயிலுமுத்துதான் வழி கண்டுபிடித்தார். "மெஷின்ல ஒண்ணும் வைக்காம முப்பத்தொரு தடவை அமுக்கச் சொல்லு. சேர் இல்லாத இடம் அப்படித்தானல இருக்கும்?" முப்பத்தொரு வெள்ளைத்தாள் வந்தது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நம்பர் போட்டு அடுக்கினார். பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் கலங்கியது.

ஆதாரம் அத்தனையும் கொண்டு போகணுமே. சிக்னல் எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பதற்கு எது ஆதாரம்? நாற்பது சேர்தான். கடையில் அப்போது மிச்சம் இருந்ததும் அந்த நாற்பதுதான், மற்றதெல்லாம் கல்யாணங்களுக்குப் போயிருந்தது. நாற்பதையும் லோடு ஆட்டோவில் ஏற்றினான் குத்தாலம். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று உச்சிமாகாளி பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டான். சிரித்த முகமாக இருக்கச் சொன்னது நினைவு வரவே, கடை வாசலிலேயே நாலு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பைக் கலைக்காமல் தென்காசி வரைக்கும் போனார்கள். வழியில் கடையநல்லூரில் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, நாலு முகத்தையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்.

தென்காசி ஆபீஸில் கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு முப்பது, நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார இருந்தது நாலே நாலு இருக்கை. குத்தாலம் பார்த்தான். கை பரபரத்தது. முதலாளி "எல..." என்பதற்குள் சேரை இறக்கிவிட்டான். ஐந்து நிமிஷத்தில் எட்டு எட்டாக ஐந்து வரிசை, நடுவில் பாதை விட்டு, கல்யாண மண்டபக் கணக்காகப் போட்டு முடித்தான். ஜனம் அப்பாடா என்று உட்கார்ந்தது. சேர் போட்டாச்சு என்றால் அடுத்தது என்ன? உச்சிமாகாளி வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, கற்கண்டுத் தட்டை நீட்டினான். ரீசார்ஜ் பண்ண வந்த ஒருத்தர், மொய்க் கவர் கொண்டுவர மறந்துவிட்டேனே என்று பதறிப்போய், பையில் இருந்ததை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டு உட்கார்ந்தார்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மானேஜர் பெனிட்டா மேடம் வந்தார். நெற்றியெல்லாம் சந்தனத்தோடு நாற்பது பேர் அவரையே பார்த்தார்கள். எதிரே நாலு ஆள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"யார் நீங்க? என்ன வேணும்?"

"நாங்க கோபமா வந்திருக்கோம், மேடம்" என்றார் வெயிலுமுத்து சிரிப்பு மாறாமல்.

பெனிட்டா மேடம் ஒரு அடி பின்னால் போனார். சிரிக்கிற கோபக்காரரை அவர் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கவில்லை.

வெயிலுமுத்து ஒப்பந்தத்தைக் கொடுத்தார், ஐந்து போனின் ஜெராக்ஸையும் கொடுத்தார், வெள்ளைத்தாள் கட்டையும் கொடுத்தார். மேடம் புரட்டினார், திருப்பினார், கவிழ்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லையே?"

"அதைத்தான் நாங்களும் சொல்றோம் மேடம். முப்பத்தொண்ணும் இல்ல." சிரித்துக்கொண்டே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அது நடிப்பில்லை.

அடுத்துத் தவசி நோட்டைப் பிரித்து, சபையைப் பார்த்து, கணீரென்று வாசிக்க ஆரம்பித்தான். "முதல் நாள். பத்து மணி அஞ்சு நிமிஷம். புல்லாங்குழல்." முன்வரிசையில் ஒரு ஆசிரியை, "ஆமா, எனக்கும் அதே புல்லாங்குழல்தான்" என்றார். "பத்து பதினாலு. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்." சபையே கொல்லென்று சிரித்தது. "எங்க வீட்டுல மொட்டை மாடிக்குப் போகணும்" என்றார் ஒருவர். "மொட்டை மாடியாவது இருக்கே உங்களுக்கு" என்றார் இன்னொருத்தர். காக்கா வந்த இடத்தில் கைதட்டல். இரண்டாம் நாள் பகுதிக்கு வரும்போது தெருவில் போனவர்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். உச்சிமாகாளி அவர்களுக்கும் பன்னீர் தெளித்தான்.

"போதும்! போதும்!" என்றார் மேடம். "உங்க ஒப்பந்தம் ரத்து. அபராதம் கிடையாது. நம்பர் உங்களுக்கே. எந்தக் கம்பெனிக்கு வேணும்னாலும் மாத்திக்கோங்க. போனை மட்டும் கொடுத்துட்டுப் போயிருங்க. தயவுசெஞ்சு போயிருங்க."

வெயிலுமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மேடம் ஒரு தாளை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, முடிஞ்சுது."

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"போட முடியாது" என்றார் வெயிலுமுத்து.

"அண்ணாச்சி, இது உங்களுக்குச் சாதகமான பேப்பர்!"

"இருக்கலாம். நீட்டுனது நீங்கல்லா? நீங்க நீட்டுற எதுலயும் போடக் கூடாதுன்னு உத்தரவு."

"சரி, நான் நீட்டல. மேசை மேல வைக்கேன். எடுத்துக்கோங்க."

"நீட்டி வச்ச பேப்பர்தானே மேடம் அது?" என்றான் தவசி. அவன் கேட்டது ரொம்ப ஞாயம் என்று குத்தாலம் தலையாட்டினான்.

கோமதிநாயகத்திடம் கேட்டுவிடலாம் என்று நாலு போனையும் எடுத்தார்கள். கலகல மொபைல் ஆபீஸுக்குள் கலகல மொபைலுக்குச் சிக்னல் இல்லை. "அடுக்குல ஏறிப் பேசுல" என்றால், நாற்பது சேரிலும் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்த விருந்தாளியை எழுப்பிச் சேரை எடுப்பது கடை வழக்கமே கிடையாது. மேடம் கெஞ்சினார், இவர்கள் சிரித்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஜெயித்த கேஸ் கையை விட்டுப் போகிற நிலைமை.

கடைசியில் முன்வரிசை ஆசிரியைதான் பொறுக்கமாட்டாமல் சொன்னார், "கையெழுத்துத்தானே கூடாது? கைநாட்டு வைங்களேன்!"

வெயிலுமுத்து நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "கைநாட்டு வைக்காதேன்னு அவர் சொல்லலையே?"

"சொல்லல" என்றார்கள் மூன்று பேரும்.

பதினாலு பக்கத்தில் பதினைந்து கையெழுத்துப் போட்ட மனுஷன், கட்டை விரலை மையில் தோய்த்து அழுத்தினார். மற்ற மூவரும் பாதுகாப்புக்கு ஆளுக்கொன்று வைத்தார்கள். ஐந்து போனையும் மேசையில் வரிசையாக வைத்தார்கள். மேடம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். "இதென்ன, முதுகெல்லாம் கீறல்?"

"கீறல் இல்ல மேடம், பேரு" என்றான் தவசி. பேர் வெட்டிய சாமானை ஒரேயடியாக விட்டுவிட்டு வருவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. ஜெயித்த சந்தோஷத்தில் பாதி, போனைப் பிரிந்த துக்கத்தில் பாதி என்று நாலு பேரும் ஊர் திரும்பினார்கள். ஆதாரக் கட்டு, நோட்டு, பன்னீர்ச் செம்பு, கற்கண்டுத் தட்டு எல்லாம் பத்திரமாக வந்தது. வண்டி ஏனோ போகும்போது இருந்ததைவிட லேசாக ஓடியது. மனசு லேசானால் வண்டியும் லேசாகும் என்று உச்சிமாகாளி நினைத்துக்கொண்டான்.

நாலாம் நாள் காலை, வேறு கம்பெனி சிம் போட்ட பழைய பட்டன் போனில் நம்பருக்கு உயிர் வந்தது. வெயிலுமுத்து அதைக் கல்லாப்பெட்டி மேல் வைத்து, கைகட்டி எதிரே உட்கார்ந்தார். தரையிலேயே மணி அடித்தது! எடுத்தார்.

"ஹலோ, ஸ்ரீ பேச்சியம்மன் வாடகைப் பாத்திரக் கடையா? உங்க சாமான் அஞ்சு இங்க கெடக்குங்க. யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க போல. முதுகுல உங்க பேரும் நம்பரும் வெட்டியிருக்கு."

வெயிலுமுத்து எழுந்து நின்றுவிட்டார். பிழைத்த நம்பரில் முதல் அழைப்பு, அதுவும் சாமான் வீடு திரும்புகிற அழைப்பு! "எந்த ஊர்லங்க?"

"திருநெல்வேலி. கலகல மொபைல் குடோன். நான் ஸ்டோர்கீப்பர் பேசுறேன்."

"பேச்சியம்மா, நீ இருக்க தாயி!" என்று கும்பிட்டார். பத்தே நிமிஷத்தில் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு லோடு ஆட்டோ கிளம்பிவிட்டது.

ஸ்டோர்கீப்பர் எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினார். "போன் வெளிய போகணும்னா ஒரு பிளான்ல ஏத்தித்தான் விடமுடியும் அண்ணாச்சி. எந்த நம்பர்ல ஏத்தட்டும்?"

"பொருள் மேலயே போட்டிருக்கே, அதுதான்."

"இந்த மாசம் அஞ்சு எடுத்தா ஆறாவது இலவசம். மூணு வருஷம். ஒரு கையெழுத்து."

பதினாலு பக்கம். தவசி மெல்ல முதலாளியின் காதைக் கடித்தான், "அண்ணாச்சி, கையெழுத்துப் போடக் கூடாதுன்னு கோமதிநாயகம்..."

"அது கேஸ் முடியுற வரைக்கும்ல. கேஸ்தான் முடிஞ்சு, ஜெயிச்சாச்சே" என்று வெயிலுமுத்து பதினாலு பக்கத்திலும் போட்டார். கடைசிப் பக்கத்தில் இரண்டு. வரும் வழியெல்லாம் அவருக்கு வியப்புத் தாளவில்லை. "பதினைஞ்சு வருஷத்துல போன சாமான் ஒண்ணு குறைஞ்சுதாம்ல வந்திருக்கு. ஒண்ணு கூடி வந்தது இதுதான் மொதல் தடவை!"

நாலே நாளில் நம்பர் மறுபடி கலகல மொபைலுக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டன் போன் ஊமையாயிற்று. தவசி ஆறாவது போனின் முதுகில் பேர் வெட்டி முடித்தான். குத்தாலம் போன்களைப் பையில் போட்டுக்கொண்டு, ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு, தன் ஆபீசுக்குப் போக முற்றத்துக்கு வந்தான். மற்ற சேரெல்லாம் கல்யாணங்களுக்குப் போயிருந்தன, முற்றம் காலியாகக் கிடந்தது.

"அண்ணாச்சி! அடுக்கைக் காணோம்! நாப்பது சேரும் காணோம்!"

கடையைப் புரட்டினார்கள். ஒவ்வொரு அண்டாவையும் திறந்து பார்த்தார்கள். உச்சிமாகாளி லோடு ஆட்டோவுக்கு அடியில் குனிந்து பார்த்தான். நாற்பது சேர் எங்கேயும் இல்லை. கடைசியாக அதை எங்கே பார்த்தோம் என்று நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்கள். அந்தச் சேர்களில் யார் யாரோ சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. எந்தக் கல்யாணம் என்பதுதான் ஞாபகம் வரவில்லை.

அதே நேரத்தில் தென்காசியில் பெனிட்டா மேடம், ஐந்து வரிசை சேருக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒரு சேரின் முதுகைப் பார்த்துப் பார்த்து நம்பரைப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் சில நாள் சேர் இருந்தது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது. அப்புறம் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, இங்கே யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டுவிட்டார். மேடம் விடாமல் போன் அடித்தார். 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.' காலையில் பதினேழு தடவை, மத்தியானம் இருபது தடவை. ஆத்திரம் பொறுக்காமல், தன் கம்பெனியின் புகார் நம்பருக்கே போட்டார். புல்லாங்குழல் கேட்டது.

புளியங்குடியில் மூன்று பேரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். வெயிலுமுத்து மட்டும் கலங்கவில்லை. ஆறு போனையும் கல்லாப்பெட்டி மேல் வரிசையாக அடுக்கி, எதிரே கைகட்டி உட்கார்ந்து, சிரித்த முகமாகச் சொன்னார்:

"எதுக்குல பதறுதீய? ஒவ்வொரு சேர் முதுகுலயும் நம்ம நம்பர் போட்டிருக்கு. கண்டவங்க கண்டிப்பாக் கூப்பிடுவாங்க. அதுக்குத்தானே இந்தப் பாடுபட்டு நம்பரை மீட்டிருக்கோம்?"